ஆகஸ்ட் 16: இசை வரலாற்றில் ஒரு தேதியை வாசிப்பது எப்படி?

'வரலாற்றில் இன்று' என்ற பத்தியைப் பார்க்காதவர்கள் குறைவு. நாளிதழின் ஓர் ஓரத்தில், காலை வானொலியில், கைப்பேசித் திரையில் என்று எங்காவது கண்ணில் பட்டுவிடும். இன்ன ஆண்டில் இன்னார் பிறந்தார், இன்னார் மறைந்தார், இன்ன இசைத்தட்டு வெளிவந்தது. நான்கைந்து வரிகள்தான். படித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவோம்.

எனக்கு அந்த வரிகள்மேல் தனிப் பிரியம் உண்டு. ஒரு தேதியை எடுத்துக்கொண்டு, அதன்கீழ் இருக்கும் ஒவ்வொரு வரியும் எப்படி அங்கே வந்து சேர்ந்தது என்று தோண்டினால், பாட்டுகளைப் பற்றியும் பாடியவர்களைப் பற்றியும் அவ்வளவு தெரிய வருகிறது. வெகுஜன இசையின் வரலாறு உங்களுக்குப் புதிது என்றால், தடிமனான புத்தகத்தைவிட ஒரு தேதியிலிருந்து தொடங்குவது எளிது. நான் ஆகஸ்ட் 16-ஐ எடுத்துக்கொள்கிறேன். இவ்வளவு கனமான தேதி ஆண்டில் வேறு அதிகம் இல்லை என்பது என் எண்ணம்.

வழக்கமான பட்டியல் இப்படி இருக்கும். 1938: ப்ளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சன் மறைவு. 1958: மடோனா பிறப்பு. 1962: பீட்டில்ஸ் குழுவிலிருந்து டிரம்ஸ் கலைஞர் பீட் பெஸ்ட் நீக்கம். 1969: உட்ஸ்டாக் விழாவின் இரண்டாம் நாள். 1974: நியூயார்க்கின் சிபிஜிபி இசை விடுதியில் ரமோன்ஸ் குழுவின் முதல் நிகழ்ச்சி. 1977: எல்விஸ் பிரெஸ்லி மறைவு. 1997: நுஸ்ரத் பதே அலி கான் மறைவு. 2018: அரீதா ஃபிராங்க்ளின் மறைவு.

எல்லா வரியும் ஒரே நீளம், ஒரே தொனி. ஆனால் இவை ஒரே வகை நிகழ்வுகள் இல்லை. வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு கேள்வி போதும்: நடந்த அன்றைக்கு இது யாருக்குத் தெரியும்?

அன்றே உலகுக்குத் தெரிந்த தேதி

முதலில் அமெரிக்க ராக் அண்ட் ரோல் பாடகர் எல்விஸ். 1977 ஆகஸ்ட் 16, செவ்வாய்க்கிழமை. மறுநாள் மெய்ன் மாநிலத்தின் போர்ட்லாந்தில் புதிய சுற்றுப்பயணம் தொடங்குவதாக இருந்தது. அன்று பிற்பகல் மெம்பிஸ் நகரில் தன் கிரேஸ்லேண்ட் மாளிகையின் குளியலறையில் மயங்கிக் கிடந்தவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். மூன்றரை மணிக்கு இறந்துவிட்டதாக அறிவித்தார்கள். வயது 42.

செய்தி பரவப் பரவ, மாளிகையின் வாசலில் கூட்டம் சேர ஆரம்பித்தது. மறுநாள் அதிபர் ஜிம்மி கார்ட்டரே அறிக்கை வெளியிட்டார். ஒரு பாடகரின் சாவுக்கு வெள்ளை மாளிகையிலிருந்து அறிக்கை வந்தது என்றால், இழப்பு எவ்வளவு பெரியது என்று சொல்ல வரலாற்று ஆசிரியர்கள் யாரும் தேவைப்படவில்லை. இன்றும் ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 15 மாலையில் ரசிகர்கள் மெழுகுவத்தியோடு கிரேஸ்லேண்டில் கூடி, விடிய விடியக் கல்லறையைக் கடந்து போகிறார்கள்.

இது ஒரு வகைத் தேதி. நிகழ்வும் அதன் பெயரும் ஒரே நாளில் பிறந்தன.

இதே எல்விஸின் வாழ்க்கையில் இன்னொரு தேதியைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1954 ஜூலை 5. அதே மெம்பிஸ், சாம் ஃபிலிப்ஸ் நடத்திய சன் ஒலிப்பதிவுக்கூடம். 19 வயதுப் பையன் எல்விஸ், கிட்டாருக்கு ஸ்காட்டி மூர், பாஸுக்கு பில் பிளாக். அன்று மாலை முழுக்க எதுவும் சரியாக அமையவில்லை. இடைவேளையில் ஆர்தர் குருடப்பின் பழைய ப்ளூஸ் பாட்டு ஒன்றை (ப்ளூஸ் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் பிறந்த பாட்டு வகை) எல்விஸ் குதித்துக் குதித்துப் பாட, மற்ற இருவரும் விளையாட்டாகச் சேர்ந்துகொண்டார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஃபிலிப்ஸ், அதையே மறுபடி தொடக்கத்திலிருந்து வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்தார். அறையில் இருந்தவர்கள் இவர்கள்தான். அது எவ்வளவு பெரிய நாள் என்று அவர்களுக்கே தெரியாது. என்னைக் கேட்டால், இசைக்கு ஜூலை 5 கொடுத்தது ஆகஸ்ட் 16-ஐவிடப் பெரிது. ஆனால் உலகம் துக்கம் அனுசரித்த நாளைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

தேதிகளில் எத்தனை வகை?

பிறப்பும் இறப்பும் பெரும்பாலும் அரசு ஆவணத்திலிருந்து வருபவை. ஒலிப்பதிவுத் தேதி ஒலிப்பதிவுக்கூடத்தின் பதிவேட்டிலிருந்தும் நாடாப் பெட்டியின்மேல் எழுதிய குறிப்பிலிருந்தும் வருகிறது. மேடை நிகழ்ச்சிக்குச் சுவரொட்டியும் நுழைவுச்சீட்டும் பத்திரிகை விளம்பரமும் சாட்சி. இவற்றை ஓரளவு நம்பலாம்.

வெளியீட்டுத் தேதியில்தான் எச்சரிக்கை வேண்டும். இன்று ஓர் இசைத்தொகுப்பு உலகெங்கும் வெள்ளிக்கிழமையில் ஒரே நேரத்தில் வருகிறது. அந்த வழக்கம் 2015 ஜூலை 10-ல்தான் தொடங்கியது. அதற்கு முன் நாட்டுக்கு ஒரு கிழமை. இன்னும் பின்னால், 1950-களிலும் 60-களிலும், தட்டுகள் பெட்டிபெட்டியாகக் கடைகளுக்குப் போய்ச் சேரும். ஓர் ஊரில் முந்தியும் இன்னோர் ஊரில் பிந்தியும் கிடைக்கும். அந்தக் காலத்துத் தட்டுகள் பலவற்றுக்கு இரண்டு மூன்று வெளியீட்டுத் தேதிகள் புத்தகங்களில் காணப்படுவதற்கு இதுதான் காரணம். யாரும் பொய் சொல்லவில்லை. அன்றைக்கு அதைத் துல்லியமாகக் குறித்துவைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

தரவரிசைத் தேதி இன்னும் வேடிக்கையானது. 'இந்த நாளில் முதலிடம் பிடித்தது' என்று எழுதுவார்கள். பெரும்பாலும் அது பத்திரிகையின் அட்டையில் அச்சிட்ட வாரத் தேதி. அந்தப் பட்டியலுக்கு அடிப்படையான விற்பனையும் வானொலி ஒலிபரப்பும் அதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும். அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 என்ற புகழ்பெற்ற பட்டியல் 1958 ஆகஸ்ட் 4 தேதியிட்ட இதழில் ஆரம்பமானது. அதற்குப் பன்னிரண்டு நாள் கழித்து மிச்சிகன் மாநிலத்தின் பே சிட்டியில் மடோனா பிறந்தார். பிற்காலத்தில் அந்தப் பட்டியலின் உச்சியில் பன்னிரண்டு முறை உட்கார்ந்தவர் அவர். பட்டியலும் பாடகியும் ஒரே மாதத்துப் பிள்ளைகள்.

பிறந்தநாள் வரிகள் எல்லாமே இப்படித்தான். அன்றைக்கு அந்த வீட்டைத் தவிர யாருக்கும் அது செய்தி கிடையாது. மடோனாவின் முதல் பாட்டு வெளிவர 1982 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதே ஆகஸ்ட் 16-ல், 1929-ம் ஆண்டு நியூ ஜெர்சியில் பிறந்தவர் ஜாஸ் பியானோ மேதை பில் எவன்ஸ். 1959-ல் மைல்ஸ் டேவிஸ் பதிவு செய்த 'கைண்ட் ஆஃப் ப்ளூ' தொகுப்பின் தனி மென்மைக்கு அவர் விரல்கள் ஒரு முக்கியக் காரணம். அந்தத் தட்டின் வெளியீட்டுத் தேதியாகச் சொல்லப்படுவது ஆகஸ்ட் 17. அதாவது எவன்ஸுக்கு முப்பது வயது நிறைந்த மறுநாள். தேதியின் பக்கத்து வீட்டையும் எட்டிப் பார்த்தால் இப்படி ஏதாவது கிடைக்கும்.

ஓர் அலுவலக அறையில் முடிந்த விஷயம்

ஆகஸ்ட் 16 பட்டியலில் என்னை அதிகம் கட்டிப்போடும் வரி பீட் பெஸ்ட்டுடையது.

பீட்டில்ஸ் என்றதும் ஜான், பால், ஜார்ஜ், ரிங்கோ என்ற நான்கு பெயர்கள் தானாக வாயில் வரும். ஆனால் 1960 ஆகஸ்டில், ஜெர்மனியின் ஹாம்பர்க் நகருக்குப் போவதற்குச் சற்று முன் குழுவில் சேர்ந்த டிரம்ஸ் கலைஞர் பீட் பெஸ்ட். அங்கே விடுதிகளில் இரவிரவாக மணிக்கணக்கில் வாசித்து உரமேறிய குழுவில் அவர் இருந்தார். லிவர்பூலின் கேவர்ன் நிலவறை அரங்கில் ரசிகைகள் கூச்சலிட்டது அவருக்காகவும்தான். தட்டு நிறுவனங்கள் கதவைச் சாத்திய நாட்களிலும் கூடவே இருந்தார்.

1962 ஜூன் 6 அன்று லண்டனில் உள்ள ஈஎம்ஐ நிறுவனத்தின் ஒலிப்பதிவுக்கூடத்தில் குழு வாசித்தது. தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினுக்கு டிரம்ஸ் திருப்தியாக இல்லை. பதிவுக்கு மட்டும் வேறு ஒருவரை வைத்துக்கொள்ளலாம் என்றார். அந்தக் காலத்தில் இது சாதாரண நடைமுறை. மேடையில் வாசிப்பவர் ஒருவர், தட்டில் வாசிப்பவர் இன்னொருவர் என்று பல குழுக்கள் இருந்தன. ஆனால் மற்ற மூவரும் ஆளையே மாற்றிவிடுவது என்று முடிவு செய்தார்கள். சொல்லும் வேலையை மேலாளர் பிரையன் எப்ஸ்டீனிடம் விட்டார்கள்.

ஆகஸ்ட் 16 காலையில் எப்ஸ்டீனின் அலுவலகத்துக்கு பீட் வரவழைக்கப்பட்டார். வேறு ஏதோ நிகழ்ச்சி பற்றிப் பேசத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துப் போனார். உன்னை எடுத்துவிட்டு ரிங்கோவைக் கொண்டுவர நினைக்கிறார்கள் என்று எப்ஸ்டீன் சொல்லிவிட்டார். இரண்டு வருடம் ஒரே அறையில் படுத்து, ஒரே வேனில் போய்வந்த மூன்று பேரும் அந்த அறையில் இல்லை. அன்று இரவு செஸ்டர் நகரில் நடந்த நிகழ்ச்சிக்கு பீட் போகவில்லை. அந்த இடத்தில் வேறொரு லிவர்பூல் குழுவின் ஜானி ஹட்சின்சன் வாசித்தார். ரிங்கோ ஸ்டார் ஒரு கடலோர விடுமுறை முகாமில் ரோரி ஸ்டார்ம் குழுவுடன் இருந்தார். அங்கிருந்து வந்து ஆகஸ்ட் 18-ல் புதிய உறுப்பினராக மேடையேறினார்.

அன்றைக்கு இது யாருக்குத் தெரியும்? லிவர்பூலைத் தாண்டி ஒருவருக்கும் தெரியாது. ஆனால் லிவர்பூலுக்குத் தெரிந்தபோது ஊர் சும்மா இருக்கவில்லை. கேவர்னில் பீட் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். கைகலப்பில் ஜார்ஜ் ஹாரிசனின் கண் வீங்கியது. குழுவின் முதல் தட்டு வெளிவந்தது அக்டோபர் 5-ல்தான், அதாவது ஏழே வாரத்தில். இத்தனைக்கும் மார்ட்டின் ரிங்கோவையும் உடனே நம்பிவிடவில்லை. செப்டம்பரில் நடந்த ஒரு பதிவில் ஆண்டி ஒயிட் என்ற தொழில்முறைக் கலைஞர் டிரம்ஸ் வாசிக்க, ரிங்கோ கையில் டாம்பரின் கொடுத்து நிறுத்தினார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அன்று பீட்டை அந்த அலுவலகத்துக்கு வண்டியில் அழைத்துப் போனவர் அவர் நண்பர் நீல் ஆஸ்பினால், குழுவின் பொருட்களை ஏற்றி இறக்கி வேன் ஓட்டியவர். அவர் பீட்டில்ஸுடனேயே தங்கி, பிற்காலத்தில் அவர்களுடைய ஆப்பிள் இசை நிறுவனத்தையே பல பத்தாண்டுகள் நடத்தினார். 1995-ல் அந்தப் பழைய பதிவுகள் சில 'ஆந்தாலஜி' தொகுப்பில் வந்தபோது, பீட் பெஸ்ட்டின் வாசிப்பும் அதில் இருந்தது. முப்பத்துமூன்று ஆண்டு கழித்து அவருக்குப் பெரிய தொகை உரிமைப்பணமாகக் கிடைத்தது.

பட்டியலில் 'பீட் பெஸ்ட் நீக்கம்' என்று ஒரு வரி. அதற்குள் இவ்வளவு இருக்கிறது. பீட்டில்ஸ் அதற்கப்புறம் அவ்வளவு உயரம் போகாமல் இருந்திருந்தால், ஓர் ஊர்க்குழு டிரம்ஸ் ஆளை மாற்றிய கதையை யாராவது தேதி போட்டு எழுதுவார்களா? பின்னால் நடந்தவைதான் இந்தத் தேதியை உருவாக்கின.

ரமோன்ஸ் கதையும் இதே ரகம். நியூயார்க்கின் பவரி பகுதி அப்போது சீரழிந்து கிடந்த இடம். ஹில்லி கிறிஸ்டல் என்பவர் 1973 டிசம்பரில் அங்கே ஒரு விடுதி திறந்தார். கன்ட்ரி, ப்ளூகிராஸ், ப்ளூஸ் என்ற மூன்று இசைவகைகளின் முதலெழுத்துகளைச் சேர்த்து சிபிஜிபி என்று பெயர் வைத்தார். கடைசியில் அந்த மூன்றையும்விட, வேகமும் முரட்டுத்தனமும் கொண்ட பங்க் என்ற ராக் இசைதான் அந்த இடத்தைப் புகழ்பெறச் செய்தது. 1974 ஆகஸ்ட் 16-ல் ரமோன்ஸ் அங்கே வாசித்தபோது கேட்டவர்கள் வெகு சிலர். 1976-ல் வந்த முதல் தொகுப்பில் பதினான்கு பாட்டு, மொத்தம் அரைமணி நேரத்துக்கும் குறைவு. அப்போதும் விற்பனை பெரிதாக இல்லை. ஆனால் அதைக் கேட்ட பையன்கள் பலர் ஆளுக்கொரு கிட்டாரைத் தூக்கிக்கொண்டு குழு ஆரம்பித்தார்கள்.

நள்ளிரவு என்ற தொல்லை

ஒரு தேதி நள்ளிரவில் முடிகிறது. இசை அப்படி முடிவதில்லை.

1969 ஆகஸ்ட் 16, சனிக்கிழமை. நியூயார்க் மாநிலத்தின் பெத்தல் என்ற சிற்றூரில் மேக்ஸ் யாஸ்கரின் பால் பண்ணை நிலத்தில் உட்ஸ்டாக் விழாவின் இரண்டாம் நாள். நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடியிருந்த சேற்று மைதானம். அன்று பகலில் சந்தானா குழு மேடையேறியது. அவர்களின் முதல் தட்டே அப்போது கடைக்கு வந்திருக்கவில்லை. டிரம்ஸ் வாசித்த மைக்கேல் ஷ்ரீவுக்கு வயது 20. யாரென்றே தெரியாத ஒரு குழு, அந்த ஒரு மணி நேரத்துக்குள் நாட்டுக்கே தெரிந்துவிட்டது. அன்றே பிறந்த புகழ் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

ஆனால் நிகழ்ச்சி நிரல் மணிக்கணக்கில் தள்ளிப்போனது. ஸ்லை ஸ்டோனும் தி ஹூ குழுவும் சனிக்கிழமைப் பட்டியலில் இருந்தார்கள். அவர்கள் உண்மையில் வாசித்தது ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. ஜெஃபர்சன் ஏர்பிளேன் மேடையேறியபோது பொழுதே விடிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை இரவு முடித்துவைக்க வேண்டிய ஜிமி ஹென்ட்ரிக்ஸ் திங்கள் காலையில், பாதிக்கு மேல் கூட்டம் கலைந்துபோன மைதானத்தில் வாசித்தார். ஆகவே 'ஆகஸ்ட் 16: தி ஹூ உட்ஸ்டாக்கில்' என்று எங்காவது படித்தால், விழாக் கணக்கில் அது சரி, நாட்காட்டிக் கணக்கில் அது 17.

ஊருக்கு ஊர் நேரம் மாறுவதும் இதே தொல்லைதான். எல்விஸ் இறந்ததாக மெம்பிஸில் அறிவித்த அந்த மூன்றரை மணிக்கு, லண்டனில் இரவு ஒன்பதரை. டோக்கியோவில் ஆகஸ்ட் 17 பொழுது புலர்ந்து ஐந்தரை மணி. ஜப்பானிய ரசிகர் ஒருவரின் நாட்குறிப்பில் அந்தத் துக்கம் வேறு தேதியில்தான் இருந்திருக்கும். வரலாறு நிகழ்விடத்தின் கடிகாரத்தை எடுத்துக்கொள்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால், இரண்டு இடங்களில் ஒரே நிகழ்வுக்கு ஒரு நாள் வித்தியாசம் காணும்போது குழம்ப மாட்டீர்கள்.

தற்செயலா, வேறு ஏதாவதா?

ராக் அண்ட் ரோலின் ராஜா என்று எல்விஸுக்குப் பட்டம். சோல் இசையின் ராணி என்று அரீதா ஃபிராங்க்ளினுக்குப் பட்டம். ராஜா மறைந்த அதே தேதியில், 41 ஆண்டு கழித்து, 2018-ல் ராணியும் மறைந்தார். போதாக்குறைக்கு, எல்விஸ் இறந்த மெம்பிஸ் நகரம்தான் அரீதா பிறந்த ஊர். அவர் டெட்ராய்டில் கண்மூடிய நாளில், அதே டெட்ராய்டின் புறநகரில் வளர்ந்த மடோனாவுக்கு அறுபது வயது நிறைந்தது. மாபெரும் ஜாஸ் டிரம்ஸ் கலைஞர் மேக்ஸ் ரோச் 2007-ல் மறைந்ததும் இதே தேதி.

படித்தால் உடம்பு சிலிர்க்கும். ஆனால் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு 365 நாள். இசை வரலாற்றில் குறிப்பிடத்தக்க நிகழ்வுகள் என்று 3,650-ஐ மட்டும் எடுத்துக்கொண்டாலும், சராசரியாக ஒரு நாளுக்குப் பத்து விழும். சில நாளுக்கு ஐந்து, சில நாளுக்குப் பதினைந்து என்று ஏறி இறங்குவது இயல்பு. வெறும் 23 பேர் ஓர் அறையில் இருந்தாலே, இருவருக்கு ஒரே பிறந்தநாள் இருப்பதற்கான வாய்ப்பு பாதிக்கு மேல் என்பது பள்ளிக் கணிதத்தில் வரும் புகழ்பெற்ற கணக்கு. ஆகவே ஆகஸ்ட் 16-ல் எந்த மர்மமும் இல்லை. கனமான பெயர்கள் சில ஒரே கட்டத்தில் விழுந்திருக்கின்றன.

ஆனால் தற்செயலாகப் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கு இடையில் உண்மையான உறவுகளும் இருக்கும். அவற்றைத் தேடிப் பிடிப்பதில்தான் ருசி. நுஸ்ரத் பதே அலி கானை எடுத்துக்கொள்ளுங்கள். தலைமுறை தலைமுறையாகக் கவ்வாலி என்ற சூஃபி பக்திப் பாடல்களைப் பாடிவந்த பாகிஸ்தானியக் குடும்பம். 1985-ல் இங்கிலாந்தின் மெர்சி தீவில் நடந்த வோமாட் என்ற உலக இசை விழாவில் அவர் பாடியது மேற்கத்திய ரசிகர்களுக்குப் பெரிய கதவைத் திறந்தது. பிரிட்டிஷ் ராக் பாடகர் பீட்டர் கேப்ரியலின் ரியல் வேர்ல்டு நிறுவனம் அவர் தட்டுகளை உலகெங்கும் கொண்டுபோனது. அமெரிக்கப் பாடகர் ஜெஃப் பக்லி அவருடைய தீவிர ரசிகர். நியூயார்க்கின் ஒரு சின்னக் காபிக் கடை மேடையில், நுஸ்ரத்தான் என் எல்விஸ் என்று சொல்லிவிட்டு உருதுவிலேயே பாடிக் காட்டினார். 1997-ல், எல்விஸ் மறைந்து சரியாக இருபதாம் ஆண்டு நாளில், நுஸ்ரத் லண்டன் மருத்துவமனை ஒன்றில் 48 வயதில் காலமானார். ஏ.ஆர். ரஹ்மானின் 'வந்தே மாதரம்' தொகுப்பில் அவர் ரஹ்மானோடு சேர்ந்து பாடிய பாட்டு வெளிவந்ததும் அதே ஆகஸ்டில்தான். அந்தக் குரலைக் கேட்கும்போதெல்லாம் இந்தத் தேதி எனக்கு நினைவுக்கு வரும்.

முப்பது ஆண்டு கழித்துக் கிடைத்த தேதி

கடைசியாக, பட்டியலின் முதல் வரி.

ராபர்ட் ஜான்சன் மிசிசிப்பியில் 1911-ல் பிறந்தவர் என்று சொல்லப்படுகிறது. ஊர் ஊராகப் போய்த் தெருமுனையிலும் விருந்துக் குடிசைகளிலும் கிட்டார் வாசித்துப் பாடியவர். வாழ்நாளில் அவர் ஒலிப்பதிவு செய்தது மொத்தம் ஐந்தே நாள்: 1936 நவம்பரில் சான் அன்டோனியோவில் மூன்று நாள், 1937 ஜூனில் டல்லாஸில் இரண்டு நாள். அதில் கிடைத்தவை 29 பாட்டுகள். தட்டுகள் கொஞ்சம் விற்றன, அவ்வளவுதான். 1938-ல் கிரீன்வுட் என்ற ஊருக்கு அருகில் இறந்தார். வயது 27.

அன்று எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை. நாற்சந்தியில் நடுராத்திரியில் சாத்தானிடம் ஆன்மாவை விற்று வித்தை வாங்கினார் என்ற கதை அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. ஆனால் எந்த நாளில் இறந்தார் என்பதே வெளியுலகுக்குத் தெரியாமல் இருந்தது. 1961-ல் கொலம்பியா நிறுவனம் அவர் பாட்டுகளைத் தொகுத்து வெளியிட்டபோது, பின்னாளில் கிட்டாரில் புகழ்பெற்ற எரிக் கிளாப்டனைப் போன்ற இளைஞர்கள் கேட்டு மயங்கியபோது, அப்போதும் தெரியாது. ப்ளூஸ் ஆய்வாளர் கேல் டீன் வார்ட்லோ அரசுப் பதிவுகளில் தேடித் தேடி, 1968-ல் அந்த இறப்புச் சான்றிதழைக் கண்டுபிடித்தார். தேதி: ஆகஸ்ட் 16, 1938. இறப்புக்கான காரணம் எழுத வேண்டிய இடத்தில், மருத்துவர் இல்லை என்று மட்டும் இருந்தது. விஷம் வைத்தார்கள் என்று ஒரு சாரார் சொன்னார்கள், நோய் என்று இன்னொரு சாரார் சொன்னார்கள். அவர் கல்லறை என்று காட்ட இன்று மூன்று இடங்கள் இருக்கின்றன.

ஆகவே பட்டியலில் 1938 என்று தலையில் நிற்கும் அந்த வரி, உண்மையில் முப்பது ஆண்டு தாமதமாக வந்து சேர்ந்தது. ஒரு மனிதர் தூசி படிந்த கோப்புகளைப் புரட்டியிராவிட்டால், ஜான்சனுக்கு எந்த நாளும் இருந்திருக்காது.

ஆனால் அவர் இறந்த ஆண்டிலேயே தேடிய ஒருவர் உண்டு. ஜான் ஹேமண்ட், நியூயார்க்கைச் சேர்ந்த தயாரிப்பாளர். பில்லி ஹாலிடேயின் முதல் தட்டைப் பதிவு செய்தவர்; பின்னாளில் பாப் டிலனைக் கொலம்பியாவுக்குக் கொண்டுவந்தவர். 1960-ல், தேவாலயத்தில் பாடி வளர்ந்த ஒரு பதினெட்டு வயதுப் பெண்ணின் குரலைக் கேட்டுவிட்டு உடனே ஒப்பந்தம் செய்தவரும் அவர்தான். அந்தப் பெண் அரீதா ஃபிராங்க்ளின். பட்டியலின் முதல் வரியையும் கடைசி வரியையும் இணைப்பது இந்த ஒரு மனிதரின் காது.

1938-ல் ஹேமண்ட் நியூயார்க்கின் கார்னெகி அரங்கில் கறுப்பின இசையின் வேர்களிலிருந்து ஸ்விங் என்ற ஜாஸ் வகை வரை காட்டும் ஒரு பெரிய கச்சேரிக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். அதில் பாட ஜான்சனை அழைத்துவரச் சொல்லித் தெற்கே ஆள் அனுப்பினார். இறந்துவிட்டார் என்று பதில் வந்தது. டிசம்பர் 23 இரவு, பிக் பில் புரூன்ஸி அந்த இடத்தில் பாடினார். ஹேமண்ட் மேடைக்கு வந்து ஜான்சனைப் பற்றிச் சபையோரிடம் சொன்னார். பிறகு அவருடைய இரண்டு இசைத்தட்டுகளைப் போட்டுக் காட்டினார். அரங்கு முழுக்க உட்கார்ந்து, மேடையில் ஆளில்லாத அந்தக் குரலைக் கேட்டது.